எந்தப் பல்கலை என்பது பாதிக் கேள்விதான்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் அக்டோபர் மாதம் அமைதியாகக் கழிவதில்லை. பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் ஏர்லி டிசிஷனுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1. அதற்குள் ஒரே ஒரு பல்கலையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அப்பா ஒன்று சொல்ல, அம்மா ஒன்று சொல்ல, பிள்ளை மூன்றாவதாக ஒன்றைச் சொல்லி, கடைசியில் பென்சில்வேனியா என்றோ கார்னெல் என்றோ ஒரு பெயரில் வந்து நிற்பார்கள். அப்பாடா என்று, பல பல்கலைகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தைத் திறந்தால், அங்கே இன்னொரு கட்டம் கேட்கும்: இந்தப் பல்கலையில் எந்தக் கல்லூரி?

பல வீடுகளில் இதைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். ‘அமெரிக்காவில் மேஜரை எப்போது வேண்டுமானாலும் மாத்திக்கலாமே’ என்று யாரோ சொல்லக் கேட்டிருப்பார்கள். ஹார்வர்டுக்கும் யேலுக்கும் எம்.ஐ.டி.க்கும் அது சரி. அங்கே மாணவரைப் பல்கலை மொத்தமாகச் சேர்த்துக்கொள்கிறது. என்ன படிப்பது என்பதை அவர் பிறகு முடிவு செய்கிறார். பென் (பென்சில்வேனியா), கார்னெல், கார்னகி மெலன் போன்ற இடங்களில் விண்ணப்பம் போய்ச் சேர்வதே ஒரு குறிப்பிட்ட கல்லூரிக்குத்தான். யாரோடு ஒப்பிடப்படுகிறோம், எந்தக் கட்டுரையை எழுதுகிறோம், சேர்ந்தபின் எந்தப் பாடங்கள் கட்டாயம், சில இடங்களில் கட்டணம் எவ்வளவு என்பதுகூட அந்தக் கட்டத்தைப் பொறுத்தது. பல்கலையின் பெயரை முடிவு செய்ய ஒரு வருடம் செலவழித்த குடும்பம், இதற்கு ஒரு மாதமாவது கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

மூன்று கையெழுத்து

முதலில் ஏர்லி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதில் இரண்டு வகை உண்டு. ஏர்லி ஆக்‌ஷன் என்பதில் சீக்கிரம் விண்ணப்பித்து, சீக்கிரம் பதில் வாங்கிக்கொள்ளலாம்; சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவை இதிலேயே கொஞ்சம் கறாரான வகையை வைத்திருக்கின்றன: எங்களுக்கு ஏர்லியில் போட்டால் வேறு தனியார் பல்கலைக்கு ஏர்லியில் போடக்கூடாது என்பார்கள். ஆனால் இடம் கிடைத்தால் மே 1 வரை யோசிக்க விடுவார்கள்.

ஏர்லி டிசிஷன் அப்படிப்பட்டதல்ல. மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் அது. டிசம்பர் நடுவில் பதில் வரும். ‘சேர்த்துக்கொண்டோம்’ என்று வந்தால் மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேதான் போக வேண்டும். கொடுக்கும் உதவித்தொகை போதவில்லை என்பது ஒன்றுதான் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் விலக்கு. பென், கார்னெல், கொலம்பியா, பிரவுன், டார்ட்மத் எல்லாமே இந்த வகைதான்.

பல்கலைகளுக்கு இது ஏன் இனிக்கிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. இடம் கொடுத்தால் வருவார்களா மாட்டார்களா என்ற கணக்கு அவர்களுடைய நிரந்தரத் தலைவலி. ஏர்லி டிசிஷனில் எடுத்தவர் கட்டாயம் வருவார். பென் தன் முதலாண்டு வகுப்பில் ஏறத்தாழப் பாதியை இப்படியே நிரப்பிக்கொள்கிறது. கிறிஸ்டோபர் ஏவரி, ஆண்ட்ரூ ஃபேர்பேங்க்ஸ், ரிச்சர்ட் செக்ஹாஸர் மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு நூல், பெரிய பல்கலைகளின் விண்ணப்பங்களை லட்சக்கணக்கில் அலசிவிட்டு, ஏர்லியில் போடுவது எஸ்.ஏ.டி. தேர்வில் 100 மதிப்பெண் கூடுதலாக எடுத்ததற்குச் சமம் என்றது. அதற்குப் பிறகு போட்டி பல மடங்கு கூடிவிட்டது. ஆனால் ஏர்லியில் போட்டால் அனுகூலம் உண்டு என்பதை இன்றைக்கும் யாரும் மறுப்பதில்லை. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006இல், இது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே சாதகம் என்று சொல்லி ஏர்லியைக் கைவிட்டன. 2011இல் இரண்டும் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. 2025 ஆகஸ்டில் ஏர்லி டிசிஷனையே எதிர்த்து, போட்டியைத் தடுக்கும் கூட்டு ஏற்பாடு இது என்று முப்பதுக்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் மீது மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். வழக்கு எங்கே போகிறதோ, நவம்பர் 1 மட்டும் வருடா வருடம் வந்துகொண்டுதான் இருக்கும்.

இந்தக் கட்டுப்பாட்டில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விதி உண்டு. ஏர்லி டிசிஷனில் மறுக்கப்பட்டவர் அதே ஆண்டு வழக்கமான ரெகுலர் சுற்றில் அதே பல்கலைக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. பென்னின் வணிகப் பள்ளியான வார்ட்டனுக்குப் போட்டுக் கிடைக்கவில்லை என்றால், ஜனவரியில் பென்னின் கலை அறிவியல் கல்லூரிக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தால் நடக்காது. அந்த ஆண்டுக்கு பென் முடிந்தது. டிஃபர் செய்தால் மட்டும், அதாவது முடிவைத் தள்ளிவைத்தால் மட்டும், விண்ணப்பம் ரெகுலர் கும்பலோடு சேர்ந்து இன்னொரு முறை படிக்கப்படும். ஆக, கல்லூரியைத் தவறாகத் தேர்ந்தெடுப்பவர் பல்கலையையும் சேர்த்தே இழக்கிறார்.

பென்னா, வார்ட்டனா?

ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தொடங்கிவைத்த பென்சில்வேனியா பல்கலையில் இளங்கலைக்கு நான்கு கல்லூரிகள். கலை அறிவியல் கல்லூரிதான் அளவில் பெரியது. பொறியியல் ஒன்று, நர்சிங் ஒன்று. நான்காவது, எல்லார் வாயிலும் அடிபடும் வார்ட்டன். நிக்கலிலும் இரும்பிலும் சம்பாதித்த ஜோசஃப் வார்ட்டன் 1881இல் ஒரு லட்சம் டாலர் கொடுத்து உருவாக்கிய அது, பல்கலை ஒன்றுக்குள் அமைந்த உலகின் முதல் வணிகப் பள்ளி. ஹார்வர்டின் வணிகப் பள்ளி முதுநிலைக்கு மட்டும். ஐவி லீகில் பதினெட்டு வயதில் நேரடியாக வணிகம் படிக்க வார்ட்டனை விட்டால் கார்னெலில்தான் வழி. வார்ட்டனில் அவ்வளவு நெரிசல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்மூர்ப் பெற்றோர் இங்கே ஒரு சின்னக் குழப்பத்தில் விழுகிறார்கள். ‘சுந்தர் பிச்சை படிச்ச இடம்’ என்பார்கள். அவர் வார்ட்டனில் படித்தது எம்.பி.ஏ. அந்தப் படிப்புக்கு வேலை அனுபவத்தோடு வருகிறார்கள். பதினெட்டு வயதில் நுழையும் வார்ட்டன் வேறு மாதிரி: அக்கவுண்டிங், ஃபைனான்ஸ், புள்ளியியல், மார்க்கெட்டிங், மேனேஜ்மென்ட் என்று ஒரு கட்டாயப் பாடத்தொகுதி முதலிலிருந்தே கூடவே வரும். கணக்கு தெரிந்திருக்க வேண்டும்; கால்குலஸ் இல்லாமல் தப்பிக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வார்ட்டனில் இளங்கலை முடிப்பவர் கையில் கிடைக்கும் பட்டம் ‘பொருளாதாரத்தில் இளம் அறிவியல்’. ஆனால் பொருளாதாரத்தைப் பொருளாதாரமாகவே படிக்கும் மேஜர் இருப்பது கலை அறிவியல் கல்லூரியில். விலைவாசி ஏன் ஏறுகிறது, வறுமை ஏன் சில நாடுகளில் நிலைத்துவிடுகிறது என்ற கேள்விகள் பிடித்த பிள்ளைக்கு உரிய இடம் கலை அறிவியல். ஒரு நிறுவனத்தின் வரவு செலவைப் பிரித்து மேய்வதில் ருசி உள்ளவருக்கு வார்ட்டன். இரண்டையும் ஒன்று என்று நினைத்து, ‘எகனாமிக்ஸ்தானே, வார்ட்டனுக்கே போடு’ என்று சொல்லும் வீட்டில் பிள்ளைக்குத் தன் கட்டுரையில் என்ன எழுதுவது என்றே தெரியாது. பென் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிக் கேள்வி வைத்திருக்கிறது. வார்ட்டன் கேட்பதற்குக் கலை அறிவியலுக்கான பதிலைக் கொடுத்தால், படிப்பவருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

எதிர்த்திசை உபாயமும் உண்டு. கலை அறிவியலில் நுழைந்துவிட்டு, உள்ளே போய் வார்ட்டனுக்கு மாறிக்கொள்வது. இன்டர்னல் டிரான்ஸ்ஃபர் என்ற ஏற்பாடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் கல்லூரி மதிப்பெண் பார்த்துத்தான் எடுக்கிறார்கள், இடங்கள் குறைவு, உத்தரவாதம் எதுவும் இல்லை. மாறாமலே இன்னொரு வழியும் உண்டு என்பதைப் பலர் மறக்கிறார்கள்: ஒரு கல்லூரி மாணவர் மற்ற கல்லூரிகளின் வகுப்புகளிலும் உட்காரலாம் என்பதை பென் தன் கொள்கையாகவே வைத்திருக்கிறது. கலை அறிவியலில் வரலாறு படித்துக்கொண்டே வார்ட்டனில் நாலு பாடம் எடுக்கும் பிள்ளைகள் அங்கே சாதாரணம்.

ஆசை அதிகம் உள்ளவர்களுக்கு இரட்டைப் பட்டப் படிப்புகள் இருக்கின்றன. பொறியியலையும் வார்ட்டனையும் இணைக்கும் ஜெரோம் ஃபிஷர் திட்டம், பன்னாட்டு ஆய்வையும் வணிகத்தையும் இணைக்கும் ஹன்ட்ஸ்மன் திட்டம் போன்றவை. வகுப்புகள் மிகச் சிறியவை, வடிகட்டல் பயங்கரம். இவற்றுக்கு விண்ணப்பிப்பவர், அது கிடைக்காவிட்டால் எந்தத் தனிக் கல்லூரி என்றும் குறிப்பிடுகிறார். ஏர்லி டிசிஷனில் அந்த இரண்டாவது கல்லூரியில் இடம் கிடைத்தாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், போய்த்தான் ஆக வேண்டும். இரட்டைப் பட்டக் கனவில் மிதக்கும் பிள்ளைகள் இந்த இரண்டாவது கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறார்கள். நிஜத்தில் அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்க வாய்ப்புள்ளது அந்த இரண்டாவதுதான்.

இதாக்கா மலைமேல் ஒரு கூட்டுக் குடும்பம்

கார்னெலின் கதை இன்னும் சுவாரஸ்யம். தந்திக் கம்பி போட்டுப் பணம் சேர்த்த எஸ்ரா கார்னெல், ஆண்ட்ரூ டிக்சன் வைட்டோடு சேர்ந்து 1865இல் நியூயார்க் மாநிலத்தின் இதாக்காவில் இதை நிறுவினார். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் படிக்க ஓர் இடம் என்பது அவருடைய எண்ணம். அதற்கு மூன்று ஆண்டு முன்னால், விவசாயமும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கும் மோரில் சட்டம் வந்திருந்தது. நியூயார்க்கின் பங்கு கார்னெலுக்குப் போனது. விளைவாக, தனியார் பல்கலையின் வளாகத்திலேயே மாநில அரசின் ஆதரவில் இயங்கும் கல்லூரிகளும் வந்து உட்கார்ந்தன. விவசாய உயிரியல் கல்லூரி, மனிதச் சூழலியல் கல்லூரி, தொழில் உறவுகள் கல்லூரியான ஐ.எல்.ஆர். மூன்றும் இளங்கலை நடத்தும் அப்படிப்பட்டவை. கால்நடை மருத்துவமும் அரசு வழிதான், ஆனால் அது பட்டதாரிகளுக்கு.

அதனால் வரும் வித்தியாசம் நேரே பாக்கெட்டில் தெரியும். நியூயார்க் மாநிலத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்கு இந்த மாநிலக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு: ஆண்டுக்கு 20,000 டாலருக்கும் மேல் மிச்சம். அதே நூலகம், அதே விடுதி, பட்டத்தில் அதே கார்னெல் பெயர். லாங் ஐலண்டில் இருக்கும் தமிழ்க் குடும்பமும் எடிசனில் இருக்கும் தமிழ்க் குடும்பமும் ஒரே கல்லூரிக்கு வேறு வேறு தொகை கட்டுவார்கள். இரண்டாவது நியூ ஜெர்சி. சென்னையிலிருந்து வருபவருக்கும் சலுகை இல்லை.

உயிரியல் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு கார்னெலில் நிஜமான தேர்வு ஒன்று காத்திருக்கிறது. உயிர் அறிவியல் மேஜர் கலை அறிவியல் கல்லூரியிலும் உண்டு, விவசாய உயிரியல் கல்லூரியிலும் உண்டு. மேஜரின் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றே. சுற்றியிருப்பவைதான் வேறு. கலை அறிவியலில் அந்நிய மொழி கட்டாயம். இலக்கியம், வரலாறு என்று அகலமாகப் போக வேண்டும். விவசாய உயிரியலில் அறிவியலும் அதன் பயன்பாடும் அடர்த்தி. ஸ்பானிஷ் வகுப்பை வெறுக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமா? நான்கு வருடம் அவன்தானே உட்காரப் போகிறான்! இதையெல்லாம் பார்க்காமல், ‘விவசாயம்’ என்ற சொல் பெயரில் இருக்கிறது என்பதற்காகவே, ‘என் பையன் ஏர் ஓட்டவா போறான்?’ என்று அந்தக் கல்லூரியை ஒதுக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். உணவு அறிவியல், தாவர மரபியல், சுற்றுச்சூழல் என்று நாளைய உலகத்துக்குத் தேவையான துறைகள் பல அங்கேதான் வலுவாக இருக்கின்றன.

ஐ.எல்.ஆர். என்றால் தமிழ் வீடுகளில் நெற்றியைச் சுருக்குவார்கள். தொழிலாளர், நிர்வாகம், தொழிற்சங்கம், தொழில் சட்டம் ஆகியவற்றுக்கென்று 1945இல் தொடங்கிய கல்லூரி. அமெரிக்காவின் முதல் பெண் கேபினட் அமைச்சரான ஃபிரான்சஸ் பெர்கின்ஸ், ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் துறையை நடத்தியவர், 1957லிருந்து 1965இல் இறக்கும்வரை இங்கே பாடம் நடத்தினார். இங்கிருந்து சட்டக் கல்லூரிக்குப் போகிறவர்கள் ஏராளம். வக்கீலாக வேண்டும் என்று சொல்லும் பிள்ளை இதைப் பார்க்காமல் கலை அறிவியலுக்குப் போட்டால், கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டாள் என்றே சொல்வேன்.

மனிதச் சூழலியல் கல்லூரியின் பூர்வீகம் மனையியல் துறை. அந்தக் காலத்தில் குழந்தை வளர்ப்பைச் செய்முறையாகக் கற்பிக்க, அநாதைக் குழந்தைகளை இல்லங்களிலிருந்து கொண்டுவந்து, மாணவிகள் முறை வைத்து வளர்த்தார்கள். 1919இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் நடந்தது. இன்று நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது. இன்றைய கல்லூரி ஊட்டச்சத்து, மனித வளர்ச்சி, வடிவமைப்பு, சுகாதாரம் என்று முற்றிலும் வேறு உருவத்தில் இருக்கிறது. மருத்துவம் போக நினைப்பவர்கள் பலர் இந்த வழியாகவும் போகிறார்கள். கட்டடக்கலை வேண்டுமா, ஐந்தாண்டுப் படிப்பு, வரைந்த படைப்புகளின் தொகுப்பையும் அனுப்ப வேண்டும். ஹோட்டல் நிர்வாகத்துக்கு வளாகத்துக்குள்ளேயே ஸ்டாட்லர் என்ற நிஜமான ஹோட்டல் பயிற்சிக் கூடமாக நடக்கிறது.

சதவீதம் சொல்லாதது

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருவோம்: எந்தக் கல்லூரியில் சுலபமாகக் கிடைக்கும்?

சில கல்லூரிகளில் விண்ணப்பித்தவர்களில் அதிகம் பேரை எடுக்கிறார்கள், சிலவற்றில் குறைவாக. இது பொய்யில்லை. ஆனால் அந்தச் சதவீதத்துக்குக் கீழே யார் விண்ணப்பித்தார்கள் என்ற தகவல் மறைந்திருக்கிறது. பென் நர்சிங்குக்கு விண்ணப்பிப்பவள் பெரும்பாலும் மருத்துவமனையில் தன்னார்வலராக வேலை செய்திருப்பாள், உயிரியலும் வேதியியலும் நன்றாகப் படித்திருப்பாள், ஏன் டாக்டராகாமல் நர்ஸாக வேண்டும் என்று அவளால் தெளிவாகச் சொல்ல முடியும். அப்படிப்பட்ட சிறிய கூட்டத்திலிருந்து ஒரு சிறிய வகுப்பை எடுக்கும்போது விகிதம் தாராளமாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்? அந்தத் தாராளம், ரோபாட்டிக்ஸ் பரிசுகளை அடுக்கிவைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் நர்சிங் கட்டத்தை டிக் செய்யும் பையனுக்குப் பொருந்தாது.

தமிழ்ப் பெற்றோருக்கு இதைப் புரியவைப்பது ஏன் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர்களில் பலர் தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சிலிங்கில் உட்கார்ந்து வந்தவர்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைச் சேர்த்து ஒரே ஒரு கட்-ஆஃப். போன வருடம் கிண்டியில் மெக்கானிக்கல் எந்த இடத்தில் நின்றது என்று பார்த்து, காலேஜா பிராஞ்சா என்று வீடே இரண்டுபட்டு, பட்டியல் போட்டார்கள். காலேஜ் கட்சிக்காரர்கள் இன்றைக்கும் பிச்சையைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள்: கரக்பூர் ஐ.ஐ.டி.யில் அவர் படித்தது உலோகவியல், இல்லையா? அந்த ஏற்பாட்டில் கணக்குப் போடுவது நியாயம். எண் மட்டுமே பேசும் இடத்தில், எண் குறைவாகக் கேட்கும் பிராஞ்சில் நுழைவது புத்திசாலித்தனம். அமெரிக்கத் தனியார் பல்கலையில் ஒரு மனிதர் விண்ணப்பத்தை முழுதாகப் படிக்கிறார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்ன பாடம் எடுத்தாய், மாலையில் எங்கே போனாய், கோடையில் என்ன செய்தாய், உன் ஆசிரியர் உன்னைப் பற்றி என்ன எழுதினார் எல்லாம் அவர் முன்னால் இருக்கிறது. கார்னெலில் விண்ணப்பங்களைப் படிப்பவர்கள் அந்தந்தக் கல்லூரியைச் சேர்ந்தவர்களே. ஹோட்டல் நிர்வாகத்துக்கு வந்த விண்ணப்பத்தில் ஒரு உணவகத்தில் தட்டுக் கழுவியதுகூட இல்லாமல், நாலு வருட நிரலாக்கப் போட்டிகள் மட்டும் இருந்தால் அவருக்கு என்ன தோன்றும் என்று ஊகிக்க அதிக அறிவு வேண்டாம்.

சரி, ஏமாற்றி உள்ளே போய்விட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்? கணினி அறிவியலில் இந்த ஏமாற்று வேலைக்கு இப்போது அனேகமாக எல்லா இடங்களிலும் கதவைச் சாத்திவருகிறார்கள். கார்னகி மெலனில் கணினி அறிவியல் தனிப் பள்ளி. வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டு அங்கே மாறுவது மிகக் கடினம். இல்லினாய் அர்பானா-ஷாம்பெயினிலும் அப்படியே. அதற்குப் பதிலாக அங்கே கணினியோடு மொழியியல், இசை, வானியல் என்று இணைத்துப் படிக்கும் பட்டங்களை வைத்திருக்கிறார்கள், அவை நல்ல ஏற்பாடு. ஏர்லி என்பதே இல்லாத பெர்க்லியில், ஒரு காலத்தில் யாரும் கலை அறிவியலில் சேர்ந்து, அடிப்படைப் பாடங்களில் 3.3 சராசரி எடுத்தால் கணினி மேஜரை அறிவிக்கலாம் என்றிருந்தது. கூட்டம் தாங்காமல் அதையும் மாற்றி, சேரும்போதே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது நேற்றைய அறிவுரை.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மாறவே முடியாது என்று ஆகிவிட்டால், இந்தக் கல்லூரியில் நான்கு வருடம் மனமொப்பிப் படிப்பாயா? தயங்காமல் ஆமாம் என்று வந்தால் போடலாம். பெற்றோர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் யோசிக்க வேண்டும்.

தந்திரமே கூடாது என்று சொல்லவில்லை. பதினேழு வயதில் ஆர்வம் ஒரே கோட்டில் ஓடாது. தண்ணீர்ப் பிரச்சினையில் ஈடுபாடுள்ள ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். கார்னெலில் அவள் கலை அறிவியலில் பொருளாதாரம் படிக்கலாம், டைசன் என்ற வணிகப் பள்ளியில் பயன்பாட்டுப் பொருளாதாரம் படிக்கலாம், புரூக்ஸ் பொதுக் கொள்கைப் பள்ளிக்குப் போகலாம், விவசாய உயிரியலில் சுற்றுச்சூழல் படிக்கலாம். நான்கும் அவளுக்கு உண்மை. அப்போது தன் இதுவரையிலான வேலை எந்த இடத்தில் நன்றாகப் பேசும் என்று பார்த்துப் போடுவதில் எந்தப் பொய்யும் கிடையாது. ஊர்க் குளத்தை அளந்தவளா, பட்ஜெட்டை வாசித்தவளா, நகராட்சிக் கூட்டத்தில் பேசியவளா என்பதே அவளுக்கு வழி சொல்லிவிடும்.

பணம் என்ற நான்காவது கையெழுத்து

ஏர்லி டிசிஷனில் போடுகிறவர் விலையை ஒப்பிடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். ரெகுலரில் ஏப்ரல் மாதம் நாலு கடிதங்களை மேஜையில் பரப்பி, யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பார்க்கலாம். ஏர்லியில் வருவது ஒரே கடிதம். அமெரிக்கக் குடும்பங்களுக்கு ஒரு கைவிளக்கு உண்டு: 2011 முதல் ஒவ்வொரு பல்கலையும் தன் இணையதளத்தில் நிகர விலைக் கணிப்பான் வைத்தாக வேண்டும் என்பது சட்டம். வருமானம், சேமிப்பு விவரங்களைக் கொடுத்தால் உத்தேசமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை ஓட்டிப் பார்க்காத பெற்றோர் டிசம்பரில் குமுறுவதில் அர்த்தமில்லை. சொந்தத் தொழில், வாடகைக்கு விட்ட வீடு, இந்தியாவில் சொத்து என்று இருப்பவர்கள் அந்தத் தொகையை அப்படியே நம்பவும் கூடாது.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவரிடமும், உதவி கேட்கிறாரா என்று பார்க்காமல் சேர்க்கையை முடிவு செய்கின்றன. பென்னும் கார்னெலும் வெளிநாட்டவர் விஷயத்தில் அப்படிச் செய்வதில்லை. உதவி கேட்பது முடிவில் ஒரு பங்கு வகிக்கும். ‘அப்படியானால் இப்போது கேட்காமல் இருந்து, சேர்ந்தபின் கேட்கலாம்’ என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அதைச் செய்யாதீர்கள். முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பின்னால் கொடுப்பதில்லை என்று பல பல்கலைகளில் விதி இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் பணம் தீர்ந்து நிற்கும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தோம் என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லாமல் போய்விடும்.

தேர்வு நிஜமாகவே இரண்டு கல்லூரிகளுக்கு நடுவில் ஊசலாடினால், நான் சொல்லும் வழி கொஞ்சம் உழைப்புப் பிடிக்கும். செப்டம்பரிலேயே இரண்டு கல்லூரிகளின் பாடப் பட்டியலையும் திறந்துவைத்து, முதல் இரண்டு ஆண்டுகளின் கட்டாயப் பாடங்களைத் தாளில் எழுதிப் பாருங்கள். மூன்றாம் நான்காம் ஆண்டு எல்லா இடத்திலும் கவர்ச்சியாகவே இருக்கும். அலுப்பும் ஆர்வமும் முதல் இரண்டு ஆண்டில்தான் தெரியும். பிறகு, இரண்டு கல்லூரிகளுக்கும் உரிய கட்டுரைகளை உண்மையாகவே எழுதச் சொல்லுங்கள். ‘உலகத்தரம்’, ‘பன்முகத்தன்மை’ என்ற சொற்கள் இல்லாமல் எழுத வேண்டும். எது அவள் கையில் தானாக ஓடுகிறது, எதில் பல்கலையின் இணையதளத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் காப்பியடிக்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே புரிந்துவிடும். அந்த நேரத்தில் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் உட்காராமல் இருந்தால் இன்னும் நல்லது.

எழுதி ஒதுக்கிய இரண்டாவது கட்டுரையை அழித்துவிடச் சொல்லாதீர்கள். ஏர்லியில் போடுகிறவர்களிலும் பெரும்பாலோருக்கு டிசம்பரில் வருவது மறுப்போ தள்ளிவைப்போதான். ரெகுலர் விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி ஜனவரி முதல் வாரத்தில் வந்து நிற்கும். நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை, வீட்டில் விருந்தாளிகள், பிள்ளைக்கு மனச்சோர்வு. கார்னெல் ஹோட்டல் கல்லூரிக்கென்று எழுதியதை அப்படியே இன்னொரு பல்கலைக்கு அனுப்ப முடியாதுதான். ஆனால் அதில் அவள் தன்னைப் பற்றி எழுதிய இரண்டு பத்திகளை எடுத்து, எந்தக் கல்லூரி என்று அடுத்த பல்கலை கேட்கும் கட்டத்தில் இருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்.